மாட்டேன் என்றவர்களின் கலை: போர், தணிக்கை, எல்லை

1918ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டனின் லெஸ்டர் காலரியில் கிறிஸ்டோபர் நெவின்சன் வரைந்த போர் ஓவியங்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் குறுக்கே பழுப்புக் காகிதப் பட்டை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதன்மேல் 'தணிக்கை செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தது. காகிதத்துக்கு அடியில் இருந்தது முக்கால் மீட்டர் அகலம்கூட இல்லாத ஓவியம். முள்கம்பிகளுக்கு அருகே, சேற்றில் முகம் புதைந்தபடி இரண்டு பிரிட்டிஷ் சிப்பாய்கள் இறந்து கிடக்கிறார்கள். ஓவியத்தின் பெயர் 'புகழின் பாதைகள்'. அந்தப் பாதைகள் கல்லறையில்தான் முடியும் என்று சொல்லும் பழைய ஆங்கில இரங்கற்பாவிலிருந்து எடுத்த தொடர் அது. நெவின்சன் அரசே போர்முனைக்கு அனுப்பிய அதிகாரபூர்வ ஓவியர். ஆனாலும் சொந்த நாட்டுச் சிப்பாய்களின் பிணங்களைக் காட்டுவது நாட்டிலுள்ள மக்களின் மனத்தைக் கெடுக்கும் என்று ராணுவத் தணிக்கை அதிகாரி அந்தப் படத்துக்கு அனுமதி மறுத்திருந்தார். அதை மீறி நெவின்சன் காட்சிக்கு வைத்தபோது இரண்டு காரணங்களுக்காகக் கண்டிக்கப்பட்டார். ஒன்று, தடைசெய்த ஓவியத்தை மாட்டியது. மற்றொன்று, 'தணிக்கை' என்ற சொல்லை அனுமதியின்றிப் பயன்படுத்தியது.

இந்த இரண்டாவது கண்டனத்தில்தான் விஷயம் இருக்கிறது. போர்க்காலத் தணிக்கை, குறிப்பிட்ட சில காட்சிகளை மறைப்பதோடு தன் வேலை முடிந்துவிட்டதாகக் கருதுவதில்லை. மறைத்திருக்கிறோம் என்ற செய்தியையும் மறைத்தாக வேண்டும். மறைப்பு வெளியே தெரிந்துவிட்டால், பார்வையாளர் காகிதத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிடுவார். நெவின்சன் ஒட்டிய காகிதப் பட்டை ஓவியத்தின் பகுதியாகவே மாறி, பிணங்களைவிட வலுவாகப் பேசியது. கடந்த இருநூறு ஆண்டுகளில் போரை மறுத்த கலையைத் தொடர்ந்து பார்த்தால், இதே நிகழ்வு வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பொருள்களில் திரும்பத் திரும்ப நடப்பதைக் காணலாம். தணிக்கையும் எல்லைச் சாவடியும் இந்தக் கலைக்கு வெளியிலிருந்து வந்த தடைகள் என்றே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். உண்மையில் இந்தக் கலையின் அளவை, பொருளை, மொழியை, அதிலுள்ள வெற்றிடத்தைக்கூட அவைதான் பெருமளவு தீர்மானித்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், ஒரு போர் அரசு எதற்கு அஞ்சுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கிய சில நாட்களிலேயே, 1914 ஆகஸ்ட் 8 அன்று, நாட்டின் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கப்பல்கள் எங்கே நிற்கின்றன, படைகள் எங்கே நகர்கின்றன என்ற ரகசியங்களைக் காப்பது அதன் ஒரு நோக்கம். இதை எந்த நாடும் நியாயமாகவே எதிர்பார்க்கும். ஆனால் அதே சட்டம் மக்களின் மன உறுதியைக் குலைக்கக்கூடிய பேச்சையும் எழுத்தையும் தண்டிக்க இடம் கொடுத்தது. ரகசியத்துக்கு ஓர் எல்லை உண்டு. மன உறுதிக்கு அப்படி எல்லை கிடையாது. எந்தப் படமும் எந்தப் பாட்டும் யாரோ ஒருவரின் மன உறுதியைக் குலைக்கலாம் என்று வாதிட முடியும். ராணுவ ரகசியத்தைக் காக்க வந்த கருவி ஓவியரின் தூரிகைவரை நீள்வது இந்த வழியாகத்தான்.

அந்த வழியில் மிகவும் அஞ்சப்பட்டவர் இறந்த சிப்பாய் அல்லர். இறந்தவரை வீரராக்கிச் சிலை வைத்துவிட முடியும். அவருடைய மரணத்தையே அடுத்தவரைப் படைக்கு அழைக்கும் காரணமாக்க முடியும். மறுத்தவரை அப்படிச் செய்ய இயலாது. 1916இல் பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவை வந்தபோது சுமார் 16,000 பேர் மனசாட்சியின் பெயரால் மறுத்தார்கள். படையில் சேர்ந்த பிறகு ஓடியவர்கள், அஞ்சியவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டு, பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பால் விடியற்காலையில் கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களில் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அந்தக் கம்பங்களை எந்த அதிகாரபூர்வப் போர் ஓவியரும் பெரிய திரையில் தீட்டி அருங்காட்சியகத்தில் மாட்டவில்லை. 'மாட்டேன்' என்று ஒருவன் சொல்வதைப் படமாகக் காட்டினால், அது சொல்லக்கூடிய சொல்தான் என்று மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். அதனால் மறுத்தவரின் உருவத்தை வரைய விரும்பியவர்கள் வேறு வழிகளைத் தேட வேண்டியிருந்தது.

1916 மே மாதம் பெர்லினில் ஜார்ஜ் குரோஸ், ஜான் ஹார்ட்ஃபீல்ட் ஆகிய கலைஞர்கள் இருவரும் கண்ட வழி விசித்திரமானது. குரோஸ் பின்னாளில் சொன்னபடி, ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவருடைய ஓவிய அறையில் அட்டை ஒன்றின்மேல் குடலிறக்கப் பட்டை விளம்பரங்கள், மாணவர் பாட்டுப் புத்தகத் துண்டுகள், நாய்த் தீனி விளம்பரங்கள், மதுப் புட்டிகளின் சீட்டுகள், படப் பத்திரிகைகளிலிருந்து வெட்டிய புகைப்படங்கள் ஆகியவற்றைக் கலந்து ஒட்டினார்கள். சொற்களில் சொல்லியிருந்தால் தணிக்கை அதிகாரி தடுத்திருக்கக்கூடியதைப் படங்களில் சொல்வதே நோக்கம். புகைப்பட ஒட்டுச்சித்திரம் என்ற கலைவடிவம் பிறந்த கதை இது என்று அவர் உரிமை கொண்டாடினார். பெர்லினின் இன்னொரு கலைஞரான ரவுல் ஹவுஸ்மன் இதை ஏற்கவில்லை. பால்டிக் கடற்கரையில் 1918இல் தாம் பார்த்த சிப்பாய்களின் நினைவுப் படங்களிலிருந்தே இந்த எண்ணம் தமக்குத் தோன்றியது என்றார். யார் முந்தியவர் என்ற வழக்கு தீரவில்லை. தீர வேண்டியதும் இல்லை. இரண்டு கதைகளிலும் போர் இருக்கிறது என்பதும், அதில் ஒன்று கத்தரிக்கோலையும் பசையையும் நேரடியாகத் தணிக்கைக்கு எதிரான ஆயுதமாகவே சொல்கிறது என்பதும்தான் கவனிக்கத்தக்கவை. குரோஸ், ஹார்ட்ஃபீல்ட் இருவரும் தங்கள் பெயர்களையும் மாற்றிக்கொண்டார்கள். ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட், பெர்லின் தெருக்களில் இங்கிலாந்தைச் சபிக்கும் கோஷங்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தம் பெயரை ஆங்கிலப்படுத்தி ஜான் ஹார்ட்ஃபீல்ட் ஆனார். எல்லையைக் கடக்காமலேயே எதிரி நாட்டின் ஒலியைத் தன் பெயரில் வைத்துக்கொள்வது அன்றைய ஜெர்மனியில் சிறிய செயல் அல்ல.

வேறு சிலர் எல்லையைக் கடந்தார்கள். சுவிட்சர்லாந்து அந்தப் போரில் நடுநிலை நாடு. 1916 பிப்ரவரியில் சூரிக் நகரில் ஹியூகோ பால், எமி ஹென்னிங்ஸ் ஆகியோர் தொடங்கிய காபரே வோல்தேர் என்ற சிறு அரங்கில்தான் போரை உண்டாக்கிய அறிவைக் கேலிசெய்த டாடா என்ற கலை இயக்கம் உருவானது. அங்கே கூடியவர்களில் ஒருவர் ஹான்ஸ் ஆர்ப். ஸ்ட்ராஸ்பர்க் நகரில், அதாவது பிரான்ஸும் ஜெர்மனியும் மாறி மாறி உரிமை கொண்டாடிய அல்சாஸ் மண்ணில் பிறந்தவர். சூரிக்கிலிருந்த ஜெர்மன் தூதரகம் அவரைப் படைச் சேர்க்கைக்கு அழைத்தபோது நடந்ததாக அவருடைய நண்பர்கள் வட்டத்தில் சொல்லப்பட்டுவந்த சம்பவம் ஒன்று உண்டு. நிரப்பச் சொல்லிக் கொடுத்த படிவத்தின் முதல் கட்டத்தில் தம் பிறந்த தேதியை எழுதினார். அடுத்த கட்டத்திலும் அதையே எழுதினார். எல்லாக் கட்டங்களையும் அதே தேதியால் நிரப்பி, கீழே கோடு போட்டு, அத்தனையையும் கூட்டி விடை எழுதிக் கொடுத்தார். அவரைப் படைக்குத் தகுதியற்றவர் என்று அனுப்பிவிட்டார்கள். இதை வேடிக்கைக் கதையாகவே பலரும் சொல்வார்கள். எனக்கு அது டாடாவின் முழு வாதமும் ஒரே தாளில் அடங்கிய இடமாகப் படுகிறது. மனிதரைப் படிவத்தின் கட்டங்களாக்கிப் போர்முனைக்கு அனுப்பும் அறிவை, அந்த அறிவின் விதிகளையே இம்மியும் பிசகாமல் பின்பற்றி அவர் உடைத்தார்.

அதே காலத்தில் ஜெனீவாவில் இருந்தவர் ஃபிரான்ஸ் மாசெரீல் என்ற பெல்ஜிய ஓவியர். போரில் பங்கெடுக்காததால் பல ஆண்டுகள் அவரால் தாய்நாடு திரும்ப முடியவில்லை. பகலில் செஞ்சிலுவைச் சங்கத்தின் போர்க்கைதிகள் பிரிவில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். 1917 முதல் 'லா ஃபய்' என்ற நாளிதழுக்கு ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் போரெதிர்ப்புப் படம் ஒன்று வரைந்தார். அந்த ஆண்டு வெளியிட்ட மரச்செதுக்குத் தொகுப்பில், தலையற்ற இரண்டு சிப்பாய்கள் தங்கள் தலைகளையே தூக்குக்கட்டிலில் சுமந்து செல்லும் படம் இருக்கிறது. மரச்செதுக்கை அவர் தேர்ந்ததன் காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பலகையும் உளியும் மையும் போதும். பெரிய அச்சகம் வேண்டியதில்லை. கறுப்பும் வெள்ளையும் மட்டும் என்பதால் மலிவான நாளிதழ்த் தாளிலும் படம் சிதையாது. சொற்கள் இல்லாததால் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் மொழிபெயர்ப்பின்றிப் படிக்கலாம். கைதிகளின் கடிதங்களை நாள் முழுவதும் மொழிபெயர்த்த மனிதர், மொழிபெயர்ப்பே தேவைப்படாத கலையை நோக்கிச் சென்றார். போர் முடிந்ததும் அவர் உருவாக்கிய சொற்களற்ற படநாவல்கள் இந்த வேலையின் நேரடித் தொடர்ச்சி.

நாட்டை விட்டு வெளியேறாமல் மறுத்தவர்களில் ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் கதை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. ஏனென்றால் அவருடைய மறுப்பு சம்மதத்திலிருந்து தொடங்கியது. 1914 ஆகஸ்டில் அவருடைய இளைய மகன் பீட்டர் தானாக முன்வந்து படையில் சேர விரும்பினான். வயது நிரம்பாததால் தந்தையின் ஒப்புதல் தேவைப்பட்டது. தந்தை மறுத்தார். மகனுக்காகக் கணவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தவர் கேத்தேதான். அக்டோபரில் பீட்டர் பெல்ஜியத்தில் இறந்தான். அடுத்த முப்பது ஆண்டுகள் அவர் செதுக்கியதும் வரைந்ததும் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் முயற்சி என்று சொன்னால் மிகையாகாது.

1918 அக்டோபரில், தோல்வி உறுதியாகிவிட்ட நிலையிலும், கவிஞர் ரிச்சர்ட் டேமல் கடைசி அணியாகத் தன்னார்வலர்கள் திரள வேண்டும் என்று பத்திரிகையில் அழைப்பு விடுத்தார். கோல்விட்ஸ் வெளிப்படையாக மறுத்து எழுதினார்: போதுமான அளவு செத்தாயிற்று, இனி ஒருவரும் விழக் கூடாது. விதைக்கென வைத்த தானியத்தை அரைக்கக் கூடாது என்ற ஜெர்மன் கவி கதேயின் வாக்கியத்தை அங்கே அவர் எடுத்தாண்டார். விதைநெல் என்ற சொல்லின் கனம் தெரிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பிறகு வந்தது 'போர்' என்ற ஏழு மரச்செதுக்குகளின் தொகுப்பு. அதில் 'தன்னார்வலர்கள்' என்ற படத்தில் சாவு முரசு அறைந்துகொண்டு முன்னே செல்கிறது; வாய் பிளந்த இளைஞர்கள் பின்னால் அலையாகத் திரள்கிறார்கள். சாவுக்கு மிக அருகே இருப்பவன் பீட்டர். எதிரி நாட்டுச் சிப்பாய் ஒருவர்கூட அந்தத் தொகுப்பில் இல்லை. பீரங்கியும் பதுங்குகுழியும் இல்லை. போரை அவர் பெற்றோரின் வீட்டுக்குள் வைத்துக் காட்டினார்.

1933இல் நாஜிகள் அவரைப் பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றினார்கள். படங்கள் கண்காட்சிகளிலிருந்து சத்தமில்லாமல் காணாமற்போயின. ஆணை எதுவும் அச்சிடப்படாமலேயே நடக்கும் தடை இது. நெவின்சனின் காகிதப் பட்டை வெளிப்படுத்தியதை முன்கூட்டியே தவிர்க்கத் தெரிந்த தணிக்கை. 1936இல் சோவியத் பத்திரிகை ஒன்றில் அவர் பேசியது வெளியானதும் ரகசியப் போலீசார் வீட்டுக்கு வந்து, வதைமுகாமுக்கு அனுப்புவோம் என்று மிரட்டினார்கள். அவர் எல்லையைக் கடக்கவில்லை, அவருடைய சொற்கள் கடந்தன, அதுவே போதுமானதாயிற்று. போர் மறுபடியும் மூண்டு, மகனின் பெயரையே தாங்கிய பேரன் பீட்டர் அதில் இறந்த 1942இல் வெளிவந்த அவருடைய கடைசிக் கல்லச்சுப் படத்தின் தலைப்பு, 1918இல் எடுத்தாண்ட அதே கதே வாக்கியம். முதிய தாய் ஒருத்தி தன் இரு கைகளாலும் மேலங்கியாலும் மூன்று சிறுவர்களை மூடிப் பிடித்திருக்கிறாள். சிறுவர்கள் அஞ்சி ஒடுங்கியவர்களாக இல்லை; வெளியே ஓடத் துடிக்கிறார்கள். ஒருவன் எட்டிப் பார்க்கிறான். 1914இல் சம்மதம் கொடுத்த கைகள் இப்போது விட மறுக்கின்றன. மறுப்பைக் காட்டும் ஓவியங்களில் இதற்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. படைக்குப் போகும் இளைஞனின் மறுப்பை மட்டுமே நாம் மறுப்பு என்று எண்ணுகிறோம். அனுப்பிவைக்கும் குடும்பமும் மறுக்க முடியும் என்று இந்தப் படம் சொல்கிறது.

ஹார்ட்ஃபீல்டுக்கு நாட்டில் இருக்க வாய்ப்பில்லாமல் போயிற்று. 1933 ஏப்ரலில் நாஜிகளின் எஸ்.எஸ். படையினர் அவருடைய பெர்லின் வீட்டுக்குள் புகுந்தபோது பால்கனியிலிருந்து குதித்துத் தப்பி, பிறகு மலைகளை நடந்தே கடந்து செக்கோஸ்லோவாக்கியா சென்றார். அவர் ஒட்டுச்சித்திரங்கள் செய்துவந்த தொழிலாளர் படப் பத்திரிகையும் பிராகுக்கு இடம்பெயர்ந்தது. பெர்லினில் சுமார் 5 லட்சம் பிரதிகள் விற்ற பத்திரிகை, பிராகில் சில ஆயிரங்களாகச் சுருங்கியது. ஜெர்மனிக்குள் கடத்துவதற்காகவே சிறிய அளவுப் பதிப்பும் அச்சிடப்பட்டது. கலை சட்டைப்பைக்குள் அடங்கும் அளவைப் பெற்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் எல்லை கடந்தவரைத் தணிக்கையும் பின்தொடர்ந்து எல்லை கடந்தது. 1934இல் பிராகின் மானெஸ் அரங்கில் நடந்த சர்வதேசக் கேலிச்சித்திரக் கண்காட்சியில் அவருடைய படங்கள் இடம்பெற்றபோது ஜெர்மன் தூதரகம் கடுமையாக எதிர்த்தது. செக் அதிகாரிகள் சில படங்களை அகற்றினார்கள். சுவரில் ஏற்பட்ட இடைவெளிகளைப் பார்க்கக் கூட்டம் பெருகியது. அகற்ற அகற்ற உண்மை மேலும் புலப்படும் என்ற பொருளில் ஹார்ட்ஃபீல்ட் அந்த வெற்றிடங்களைப் பற்றியே புதிய ஒட்டுச்சித்திரம் செய்தார்.

எல்லை கடந்தால் சுதந்திரம் என்ற எளிய கதை அவருடைய வாழ்வில் பொருந்துவதில்லை. 1938இல் லண்டனுக்குத் தப்பியவரை, ஹிட்லரை எதிர்த்த அதே மனிதரை, 1940இல் பிரிட்டன் 'எதிரி நாட்டவர்' என்று தடுப்பு முகாமில் வைத்தது. 1950இல் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பியபோது, மேற்கு நாட்டில் பல ஆண்டுகள் இருந்தவர் என்பதால் அங்குள்ள ஆட்சி அவரைச் சந்தேகித்தது. கலைக் கழகத்தில் 1956இல்தான் இடம் கிடைத்தது. ஒரு நாட்டின் எல்லையில் அவர் காட்டிய துணிவே அடுத்த நாட்டின் எல்லையில் குற்றச்சாட்டாக மாறியது. புலம்பெயர்ந்த கலைஞர்கள் எல்லோரையும் துரத்தும் கேள்வி இது: என் அரசை எதிர்த்து நான் செய்த படம், என் அரசின் எதிரிக்குப் பிரசாரமாகிவிடுகிறதே, அதை எப்படித் தாங்குவது? இதற்கு நேர்மையான விடையாக எனக்குத் தெரிவது ஒன்றுதான். இரு பக்கத் தணிக்கை அதிகாரிகளும் வெறுத்த படைப்புகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஜப்பானிய ஆவணப்பட இயக்குநர் ஃபுமியோ கமெய் அப்படிப்பட்டவர். 1939இல் சீனாவில் ஜப்பானியப் படையோடு சென்று, ராணுவத்தின் ஆதரவோடு 'போரிடும் சிப்பாய்கள்' என்ற படத்தை எடுத்தார். திரையில் தெரிந்தவர்களோ களைத்துப்போன சிப்பாய்கள். எரிந்த வீட்டின் முன் நிற்கும் சீன விவசாயிகள். படம் வெளியிடப்படவில்லை. 1941இல் கமெய் கைது செய்யப்பட்டார். போர் முடிந்து அமெரிக்க ஆக்கிரமிப்பு வந்தது. பேச்சுரிமை வந்துவிட்டது என்று நம்பிய அவர் 1946இல் 'ஜப்பானின் துயரம்' என்ற படத்தை எடுத்தார். அதில் ஒரு காட்சியில் ராணுவச் சீருடையிலிருக்கும் பேரரசர் ஹிரோஹிதோவின் உருவம் மெல்லக் கரைந்து, கோட்டும் சூட்டும் அணிந்த சாதாரணக் கனவானாக மாறுகிறது. சொல் ஒன்றுகூட இல்லாத அந்தச் சில நொடிகள், போர்ப்பொறுப்பு எங்கே போயிற்று என்று கேட்டன. முதலில் அனுமதித்த ஆக்கிரமிப்புத் தணிக்கை, பிறகு படத்தைத் தடைசெய்தது. பேரரசரை வைத்தே நாட்டை ஆள நினைத்த அமெரிக்கர்களுக்கும் அந்தக் கேள்வி வசதிப்படவில்லை. ஒரே கலைஞரை, ஒன்றோடொன்று போரிட்ட இரண்டு ஆட்சிகளும் அடுத்தடுத்துத் தடுத்தன.

அதே உலகப் போரின் நடுவே, 1943இல், வங்கப் பஞ்சத்தை மிதினாப்பூர் கிராமங்களில் நடந்து சென்று வரைந்த ஓவியர் சித்தபிரசாத்தின் 'பசித்த வங்காளம்' என்ற சிறு நூலின் 5,000 பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து எரித்தது. பட்டினியால் இறந்தவர்களைக் காட்டுவதும் போர் முயற்சிக்குக் கேடு என்றே கருதப்பட்டது. தப்பிய பிரதியொன்றை அவருடைய குடும்பம் காத்துவைத்திருந்ததால்தான் இன்று அந்த நூல் நமக்கு மறுபதிப்பாகக் கிடைக்கிறது.

தடை வருவதற்கு முன்பே படைப்பு திருத்தப்பட்ட நிகழ்வும் உண்டு. போரிஸ் வியான் 1954இல் எழுதிய பிரெஞ்சுப் பாடல் ஒன்று, படைக்கு அழைப்பாணை பெற்ற சாதாரண மனிதன் குடியரசுத் தலைவருக்கு எழுதும் கடிதமாக அமைந்தது. போருக்கு வரமாட்டேன், சாலைகளில் பிச்சையெடுத்து நடப்பேன், மற்றவர்களையும் மறுக்கச் சொல்வேன் என்கிறான் அவன். முதலில் எழுதிய முடிவில், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது, சுடவும் தெரியும் என்று காவலர்களை எச்சரித்தான். பாடகர் முலூஜியின் யோசனையால் அந்த முடிவு மாறியது: நிராயுதபாணியாக இருப்பேன், அவர்கள் சுடலாம். பாடல் முதன்முதலில் மேடையேறியது மே 7 அன்று. வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டை வீழ்ந்து பிரெஞ்சுப் படை தோற்றதும் அதே நாள்தான். சில மாதங்களில் அல்ஜீரியப் போர் தொடங்கியது. பாடல் வானொலியில் தடைசெய்யப்பட்டது. முடிவை மாற்றியதைச் சமரசம் என்று கருதுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கொல்ல மறுக்கும் பாட்டு கொலை மிரட்டலோடு முடிந்திருந்தால் அது தன்னையே மறுத்திருக்கும். வெறுங்கையோடு நிற்பவனைச் சுட வேண்டிய பொறுப்பு முழுவதும் எதிரே நிற்பவனுக்குப் போய்விடுகிறது. அந்தப் பொறுப்பைத்தான் எந்த அரசாலும் வானொலியில் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

பெரிய திரைகளும் எல்லை கடந்திருக்கின்றன என்பதற்கு, ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான ஊரைப் பற்றிய பிக்காசோவின் 'கெர்னிகா'வைக் காட்டுவார்கள். 7.77 மீட்டர் அகலமான அந்த ஓவியம் சுருட்டப்பட்டு, பாரிஸிலிருந்து ஸ்காண்டிநேவியா, லண்டன், நியூயார்க் என்று அலைந்தது. திரும்பத் திரும்பச் சுருட்டி விரித்ததில் துணியும் வண்ணமும் சேதமடைந்தன. ஸ்பெயினில் மக்களாட்சி உரிமைகள் திரும்பும்வரை ஓவியமும் திரும்பாது என்று பிக்காசோ சொல்லியிருந்தார். 1981 செப்டம்பரில்தான் அது மாட்ரிட் வந்தது. 2003 பிப்ரவரியில், இராக் மீது போர் தொடுக்க அமெரிக்கா ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் வாதாடிய நாளில், மன்றத்தின் வாசலில் தொங்கிய 'கெர்னிகா' திரைச்சீலைப் பிரதி நீலத் துணியால் மூடப்பட்டது. தொலைக்காட்சிப் படப்பிடிப்பின் வசதிக்காக என்று காரணம் சொல்லப்பட்டது. காரணம் எதுவாயினும், உலகம் அந்த நாளில் பார்த்தது நீலத் துணியைத்தான்.

இன்றைய ரஷ்யாவில் இந்தக் கதை இன்னும் சிறிய பொருள்களுக்குள் வந்துசேர்ந்திருக்கிறது. உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கி ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனபோது, 2022 மார்ச் 4 அன்று, ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்புவோருக்கு 15 ஆண்டுகள்வரை சிறை என்று சட்டம் வந்தது. தெருவில் எதிர்ப்புப் பலகை பிடித்தவர்கள் கைதானார்கள். பிறகு சொற்களுக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகளை மட்டும் எழுதியவர்களும், ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளைப் பிடித்தவர்களும்கூடப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். வெற்றுத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது பிடித்தவருக்கும் தெரியும், பிடிக்க வந்தவருக்கும் தெரியும். நெவின்சனின் பழுப்புக் காகிதம் நூறு ஆண்டுகள் கழித்து ஓவியத்திலிருந்து கழன்று, தானே தெருவுக்கு வந்து நின்றதுபோல இருந்தது அது.

அந்த மார்ச் மாதத்தின் கடைசி நாளில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பல்பொருள் அங்காடி ஒன்றில் ஓவியரும் இசைக்கலைஞருமான அலெக்சாந்த்ரா ஸ்கோசிலென்கோ ஐந்து விலைச்சீட்டுகளை மாற்றி வைத்தார். ரூபிள் கணக்கு இருக்க வேண்டிய இடத்தில், மரியுபோலில் மக்கள் ஒளிந்திருந்த ஓவியப் பள்ளி குண்டுவீச்சுக்கு ஆளானது போன்ற செய்திகள் அச்சாகியிருந்தன. அங்காடியில் விலையைப் பார்க்காமல் ஒருவரும் பொருளை எடுப்பதில்லை. அந்தப் பழக்கமான பார்வைக்குள் செய்தியை வைத்ததுதான் அந்தச் செயலின் கலை நுணுக்கம். போரைத் தொலைக்காட்சியில் தவிர்க்க முடிந்தவர்களுக்கும் அந்த வாரம் உணவுப் பொருள் வாங்குவதைத் தவிர்க்க முடியாது. வாடிக்கையாளர் ஒருவர் புகார் செய்தார். 2023 நவம்பரில் ஏழு ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ரஷ்யாவும் மேற்கு நாடுகளும் நடத்திய கைதிகள் பரிமாற்றத்தில் அவர் விடுவிக்கப்பட்டு ஜெர்மனிக்கு வந்தார். அவர் தேர்ந்தெடுத்து நடந்த எல்லை அல்ல அது. அரசுகள் தங்களுக்குள் கணக்குப் பார்த்து அவரைக் கடக்க வைத்த எல்லை.

அவர் வந்திறங்கிய அந்த நாட்டில், பெர்லினை அடுத்த போட்ஸ்டாம் நகரின் ஒருமைச் சதுக்கத்தில், வெள்ளைப் பளிங்குச் சிற்பம் ஒன்று நிற்கிறது. துருக்கியில் பிறந்து பெர்லினில் வேலைசெய்த மெஹ்மத் அக்சோய் வடித்தது. படையிலிருந்து ஓடியவருக்கான நினைவுச் சின்னம் அது. ஆனால் கல்லில் அந்த மனிதர் இல்லை. அவர் இருந்த இடம் மட்டும் உட்குழிவாக விடப்பட்டிருக்கிறது. அருகே போய் நின்றால் குழிவின் ஓரங்களிலிருந்து உடலை ஊகித்துக்கொள்ள வேண்டும். மறுத்தவரின் உருவத்தைப் பொதுவெளியில் வைக்க விடாத நீண்ட வரலாற்றை, உருவத்தையே எடுத்துவிட்டு அக்சோய் சிற்பமாக்கியிருக்கிறார். இதை முதலில் மேற்கு ஜெர்மனியின் தலைநகரமாக இருந்த பான் நகரின் அமைதி இயக்கத்தினர் செய்வித்தார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 1989 செப்டம்பர் 1 அன்று பான் நகரில் அதைத் திறந்தபோது, நிலையாக வைக்க நகராட்சி இடம் தரவில்லை. பளிங்கு லாரி மேல் ஏற்றியபடியே மக்கள் முன் காட்டப்பட்டது. இரண்டு மாதங்களில் பெர்லின் சுவர் திறந்தது. 1990இல் சிற்பம், அதுவரை முள்கம்பிக்கு அப்பால் இருந்த கிழக்கு ஜெர்மனியின் போட்ஸ்டாமுக்குக் கொண்டுபோகப்பட்டது. அதனருகே, தன் சக மனிதர்களைச் சுட மறுத்த ஒருவர் இங்கே வாழ்ந்தார் என்ற ஜெர்மன் எழுத்தாளர் குர்ட் டுகோல்ஸ்கியின் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. டுகோல்ஸ்கியின் நூல்களை 1933இல் நாஜிகள் எரித்தார்கள். அவர் 1935இல் ஸ்வீடனில் அகதியாக இறந்தார். ஹிட்லரின் ராணுவ நீதிமன்றங்கள் ஓடியவர்களுக்கு விதித்த தீர்ப்புகளை ஜெர்மன் நாடாளுமன்றம் ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது 2002இல். சிற்பம் போட்ஸ்டாமில் நின்ற முதல் பன்னிரண்டு ஆண்டுகளும், அது நினைவுகூர்ந்த மனிதருக்கு எதிரான தீர்ப்பு ஏட்டில் அப்படியே இருந்தது.